முதலில் சொற்பட்டியல், அப்புறம் மொழிபெயர்ப்பு

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து திறந்த உரிமப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறோம். ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொண்டதில், ஒருவர் ‘திசைவேகம்’ என்று எழுதிய இடத்தில் இன்னொருவர் வெறும் ‘வேகம்’ என்று போட்டுவிட்டார், இயற்பியலில் இரண்டும் வேறு வேறு, பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். அதனால் கலைச்சொற்களை மட்டும் முதலில் ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். அரசுப் பாடநூலில் இருக்கும் சொல்லையே எடுங்கள், அதுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம்.

சரி, உரிமம்? கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, படைப்பை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள உரிமையாளரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி. அந்த உரிமத்தில் ‘என்டி’ (ND, அதாவது மாற்றக் கூடாது) இருந்தால் தனி அனுமதி இல்லாமல் மொழிபெயர்ப்பை வெளியிடக் கூடாது. ‘எஸ்ஏ’ (SA, அதாவது அதே முறையில் பகிர வேண்டும்) இருந்தால் தமிழ்ப் பதிப்புக்கும் அதே உரிமம்தான். படங்களுக்கு உரிமம் தனியாக இருக்கலாம், ஒவ்வொன்றின் அடியிலும் பாருங்கள்.