இரட்டை ஒளித்தூண்களைப் படமெடுக்கும் முறை

நியூயார்க்கில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 இரவு, இடிந்த இரட்டைக் கோபுரங்களின் நினைவாக வானில் எழுப்பப்படும் ஒளித்தூண்களைப் படமெடுக்க விரும்புவோர், கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். 2002 மார்ச்சில் முதன்முறையாக ஏற்றப்பட்ட இந்த ஒளி, கோபுரங்கள் நின்ற இடத்திலிருந்து எழுவதில்லை. அதற்குத் தெற்கே சில தெருக்கள் தள்ளி, ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இரண்டு சதுரங்களாக அடுக்கப்பட்ட 88 செனான் விளக்குகளிலிருந்து எழுகிறது. ஆகவே ஜெர்சி சிட்டிக் கரையிலிருந்து பார்த்தால் தூண்கள் பழைய கோபுரங்கள் இருந்த வளாகத்தில் எழுந்துள்ள புதிய கோபுரத்துக்கு (ஒன் வேர்ல்டு டிரேட் சென்டர்) வலப்புறமும், புரூக்ளின் கரையிலிருந்து பார்த்தால் இடப்புறமும் தெரியும். சில கோணங்களில் ஒரு தூண் மற்றொன்றை மறைத்துவிடும் என்பதால், விளக்கேற்றியதும் கரையோரமாகச் சிறிது நடந்து, இரண்டுக்கும் நடுவே வானம் தெரியும் இடத்தில் முக்காலியை ஊன்றுங்கள். புரூக்ளின் பாலத்தின் மரநடைபாதை வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நடந்தாலே அதிரும்.

அன்று சூரியன் மாலை 7.12 மணியளவில் மறையும். 7.30 முதல் 8 மணிவரை வானம் கறுக்காமல் கருநீலமாக இருக்கும் அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குப் பிறகு கட்டடங்களின் விளிம்புகள் வானோடு கரைந்துபோகும்.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 6 வினாடி என்று தொடங்கி, எடுத்த படத்தில் தூண்களின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தூணும் 44 தனிக் கதிர்களால் ஆனது. அந்தக் கோடுகள் மறைந்து அடிப்பகுதி வெள்ளைத் துணிபோல் வெளுத்திருந்தால், நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இருண்ட கட்டடங்களைப் பின்னர் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன ஒளியை மீட்க முடியாது. கதிரின்மேல் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால், தொலைவிலுள்ள ஒரு சன்னல் விளிம்பில் ஃபோகஸ் செய்து, அது மாறாதபடி மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வைட் பேலன்ஸை 4000 கெல்வின் அளவில் வைத்தால் தூண்கள் நீலமாகவே நிற்கும்.

காற்றில் உள்ள தூசியும் ஈரமும்தான் கதிரைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. மேகம் தாழ்ந்திருக்கிறதே என்று வீடு திரும்பாதீர்கள், கதிர் மேகத்தில் முட்டிப் படரும் வெளிச்சம் தெளிந்த வானில் கிடைக்காது. அருகில் நிற்பவர்களில் உறவை இழந்தவர்களும் இருக்கக்கூடும் என்பதால் ஃபிளாஷையும் தலைவிளக்கையும் அணைத்து வையுங்கள்.

செப்டம்பர், பறவைகள் வலசை போகும் காலம். ஒளியில் சிக்கிச் சுற்றும் பறவைகள் நீண்ட எக்ஸ்போஷரில் வளைந்த இழைகளாகப் பதியும். அவை ஆயிரத்தைத் தாண்டினால் விளக்குகளை ஏறத்தாழ 20 நிமிடம் அணைத்துவிடுவார்கள். அப்போது முக்காலியை அசைக்காமல் அதே சட்டகத்தில் கட்டடங்களுக்கென்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கு மீண்டும் எரியும்வரை காத்திருங்கள்.