பல பிக்கப் கொண்ட பேஸ் கிற்றார்: நல்ல ஒலியைக் கெடுக்கும் தவறுகள்

தமக்கென்று சொல்லிச் செய்வித்த பேஸ் கிற்றாரில் இரண்டு மூன்று பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) இருந்தால், அவை எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஒரே தந்தி கழுத்துக்கு அருகில் ஒரு விதமாகவும் தந்தியைத் தாங்கும் பாலத்துக்கு அருகில் வேறு விதமாகவும் அதிர்கிறது. கழுத்துப் பக்கத்தில் அடிப்படைச் சுரம் கனமாகக் கிடைக்கும், பாலத்துப் பக்கத்தில் அதனுடன் சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் தூக்கலாகும். இரண்டையும் ஒரே அளவில் கலக்கும்போது சில மேற்சுரங்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று மெலிவிப்பதால், நடுப்பகுதி குழிந்த ஒலியே மிஞ்சுகிறது. ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதைத் தேவையான அளவுக்கு மட்டும் சேர்ப்பதே என் பரிந்துரை. முதிரையா தேக்கா என்று மரத்தைப் பற்றி விவாதிப்பவர்கள், பிக்கப் எந்த இடத்தில் பொருத்தப்படுகிறது என்பதற்கு அந்த அக்கறையில் பாதியைக் கொடுத்தாலே ஒலி தேறிவிடும்.

இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்தவுடன் கீழ்ச்சுரம் காணாமற்போய், மூக்கால் பேசுவது போன்ற ஒலி வந்தால், அவை எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். இதை அம்பிளிபயரில் பேஸைக் கூட்டிச் சரிசெய்ய முனைவது வீண். ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மாற்றி ஈயம் வைத்தால் போதும். ஆனால் அதன் உலோக உறை அவற்றில் ஒரு வயருடன் இணைந்திருந்தால், உறையை முதலில் பிரித்துத் தனியாக எர்த்துக்குக் கொடுக்க வேண்டும்.

பிக்கப்பின் உயரத்தை அளக்காமல் விடுவதும் பெரிய தவறு. காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அது தந்தியை இழுத்து, கழுத்தின் மேல் கட்டைகளில் (ஃப்ரெட்) சுருதியைத் தடுமாற வைக்கும். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் தொடங்கிக் காதால் சரிபார்க்கலாம். பாலத்துக்கு அருகில் தந்தியின் அசைவு சிறிது என்பதால், அங்குள்ள பிக்கப் சற்று உயர்ந்தே இருக்கலாம். வன்னியில் ஐப்பசி மழை தொடங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சிக் கழுத்தின் வளைவு மாறக்கூடும். கோடையில் வைத்த அளவை அப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஒரே கம்பிச்சுருள் கொண்ட தனிச்சுருள் பிக்கப்புகளில் வரும் இரைச்சலைப் பழுதென்று எண்ணி வயரை அறுப்பவர்களும் உண்டு. 1960இல் வெளிவந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸின் வழியில் அமைந்த கிற்றார்களில், சுருளும் காந்தமும் எதிரெதிராக அமைந்த இரு பிக்கப்புகள் இருந்தால், இரண்டும் சமமாகத் திறந்திருக்கையில் 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். ஒன்றைக் குறைத்தவுடன் திரும்பி வரும். அது அவற்றின் இயல்பு. இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றக் கூடாது. கோயில் திருவிழா மேடைகளில் ஜெனரேற்றர் மின்சாரத்தில் வாசிப்பவர் தந்தியைத் தொட்டபடியே மைக்கில் உதடு வைக்கும்போது, எர்த் அறுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மேடையில் கீபோட் வாசிப்பவரின் இடக்கையும் பேஸும் ஒரே கீழ்ச்சுரங்களில் மோதுவதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு தந்திக் கிற்றாரின் ஆகக் கீழ்ச்சுரம் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் என்பதால், சிறிய ஒலிபெருக்கிகள் அதைச் சரியாக வெளியிடா. அங்கே பேஸ் குமிழைத் திருகுவதைவிடப் பாலத்துப் பிக்கப்பைச் சற்றுக் கூட்டினால், 82, 123 ஹேர்ட்ஸ் மேற்சுரங்களின் வழியாகக் காது அந்தச் சுரத்தை உணர்ந்துகொள்ளும். ப்ரீஅம்ப் (பற்றரியில் இயங்கி ஒலிச்சைகையைக் கூட்டும் சுற்று) உள்ள கிற்றாரில் வாசிப்பு முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். பொதுவாக அது செருகியிருக்கும் வரை 9 வோல்ற் பற்றரி கரைந்துகொண்டே இருக்கும்.