தலைப்பிரசவம்: தகப்பனாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பியதும் பேறுகாலம் பற்றிய பொறுப்பு முழுவதையும் கூடவே அனுப்பிவைத்துவிடும் கணவர்கள் நம் ஊரில் ஏராளம். தலைப்பிரசவம் பெண் வீட்டார் பாடு, மாமியார் பார்த்துக்கொள்வார், நம் வேலை பணம் புரட்டுவதும் சேதி வந்ததும் பஸ் ஏறுவதும்தான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நடுவில் தொட்டில், கொசுவலை, சின்னச் சின்னச் சட்டைகள் என்று கடைவீதியில் உற்சாகம் கரைகிறது. வாங்கட்டும், தவறில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கும் பெற்றவளுக்கும் முதல் சில வாரங்களில் உண்மையில் துணை நிற்பவை வேறு. எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்லும்போது தாயின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும். இந்த இரண்டையும் கணவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் பெரும்பாலான வீடுகளில் வேறு யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

நாள் குறிப்பதும் நேரம் கடத்துவதும்

எனக்கு மிகுந்த கோபம் வருவது, ஜோதிடரிடம் நாள் வாங்கி வந்து அந்த முகூர்த்தத்தில் சிசேரியன் செய்யச் சொல்லும் வழக்கத்தின் மேல். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்கு முன் குழந்தையை வெளியே எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. அந்தக் கடைசி வாரங்களில் நுரையீரலும் மூளையும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. உடல் சூட்டைத் தக்கவைக்கும் கொழுப்பும் அப்போதுதான் சேர்கிறது. நல்ல நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பதில் யாருக்கு என்ன நன்மை? பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு வந்தால் மறுத்துப் பேச வேண்டியவர் கணவர். நிறைமாத வயிற்றோடு இருப்பவளை அந்தச் சண்டைக்கு முன்னே தள்ளக் கூடாது.

ராகுகாலம் கழியட்டும், பொழுது விடியட்டும் என்று கிளம்பத் தாமதிப்பதும் இதே ரகம். பனிக்குடம் உடைந்துவிட்டால் வலி தொடங்காவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென்று முகமும் கையும் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய எதற்கும் காத்திருக்கக் கூடாது. அசைவு குறைந்ததாகத் தாய் சொன்னால், குழந்தை தூங்குகிறது போலும் என்று சமாதானம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கே போவது என்பதையும் வலி எடுத்த பிறகு யோசிக்கக் கூடாது. மனைவி தாய்வீட்டில் இருந்தால் நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த ஊரைப் பற்றி. பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் இரவு நேரத்தில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கிடைப்பார்களா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? குழந்தைக்குச் சிக்கல் என்றால் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை தொலைவில் இருக்கிறது? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் போன்றவற்றில் பிரசவத்திலும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் அவசரங்களைக் கவனிக்கும் சீமாங் மையங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும், பக்கத்தில் இருக்கும் சீமாங் மையம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்கு 108. அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனால் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வாகனம் இலவசமாகக் கிடைக்கிறது. பச்சைப் பிள்ளையை மடியில் வைத்து இருசக்கர வண்டியில் கூட்டிவருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

மனைவியின் ரத்தப் பிரிவு பலருக்குத் தெரியும், தங்களுடையது தெரியாது. தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் வரும் குழந்தையின் ரத்த அணுக்களைத் தாயின் உடல் தாக்காமல் தடுப்பது இந்த ஊசிதான். 28ஆவது வாரத்திலேயே ஒரு முறை போடும் வழக்கமும் உண்டு. கணவரின் ரத்தப் பிரிவை மருத்துவர் கேட்கும்போது ஊகத்தில் பதில் சொல்லாமல் பரிசோதித்துச் சொல்லுங்கள்.

காகித வேலையைத் தள்ளிப்போடுவது

கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை பிறந்து பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்போது அலைய நேரிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. அதற்கும் முதல் 12 வாரங்களுக்குள் பதிவது முக்கியம்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். தவறு நேர்வது அந்தப் படிவத்தை நிரப்பும் இடத்தில். பெற்றோர் பெயரை அவசரத்தில் எப்படியோ எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டு, சான்றிதழில் இன்னொன்று, முதலெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் வேறிடத்தில். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் பிழை திருத்துவது பெரிய அலைச்சல். குழந்தையின் பெயரை மட்டும் அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆதலால் படிவத்தை நிதானமாக, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

முதல் மூன்று நாள்: "பால் போதவில்லை"

பிரசவ வார்டில் தகப்பன்மார் அதிகம் தடுமாறும் இடம் இது. குழந்தை அழுகிறது, பால் ஊறவில்லை என்று யாரோ சொல்கிறார்கள், தகப்பன் மருந்துக் கடைக்கு ஓடிப் பால்பவுடர் டின்னோடு திரும்புகிறார். முதல் நாளில் குழந்தையின் இரைப்பை கொள்வது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுதான். மஞ்சளாக, கெட்டியாகச் சில துளிகள் வரும் சீம்பால் அதற்குப் போதும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த பால் அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். பால் பெருகுவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம். குழந்தை அடிக்கடி சப்பினால்தான் பால் ஊறும். டின் பாலால் வயிறு நிரம்பிய குழந்தை சப்பாது, சப்பாததால் பால் ஊறாது, ஊறாததால் மீண்டும் டின்.

முதல் சில நாட்களில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பழைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். இதைக் கணக்குப் பார்ப்பது தகப்பனின் வேலையாக இருக்கட்டும். போதவில்லை என்று யாராவது சொன்னால் சொல்வதற்குக் கையில் பதில் இருக்கும். மருத்துவர் காரணம் சொல்லிப் புட்டிப்பால் எழுதித் தந்தால் அது வேறு. குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் டின் பாலை விளம்பரப்படுத்துவதும் தாய்மாருக்கு இலவசமாகத் தருவதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. யாராவது பரிசாக நீட்டினால் வாங்காதீர்கள்.

சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவ ஒரு பெரியவர் காத்திருப்பார். அன்பில் செய்வதுதான். ஆனாலும் கூடாது. ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் நஞ்சு சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆறு மாதம் வரை தண்ணீர் கூட வேண்டாம். பெரியவரிடம், "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள்; நீங்கள் பிள்ளையைக் கையில் வாங்கி ஆசீர்வாதம் செய்யுங்கள்" என்று தகப்பனே சொல்லிவிட்டால் அவர் மனமும் கோணாது, மருமகள் மேல் பழியும் விழாது.

எந்த வழக்கத்தை விடுவது

வழக்கங்கள் எல்லாமே தீங்கு அல்ல. கை கால் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும், வெளியாட்கள் சில நாள் வரக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கமாகக் கடைப்பிடிக்கலாம். சளி, இருமல் உள்ளவர் யாரானாலும் வாசலோடு நிற்கட்டும். புகைபிடிக்கும் பழக்கம் உள்ள தகப்பன்மார் அதை விடுவதற்கு இதைவிட நல்ல காலம் வராது.

விட வேண்டியவை: தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் தடவுவது. அது காய்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். ஈரமில்லாமல் வைத்தால் போதும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்குவதும் நுரையீரல் தொற்று, சீழ்க்கட்டி வரை கொண்டுபோகும். தொக்கம் எடுக்கத் தூக்கிப் போவதும், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும், உரைமருந்து புகட்டுவதும் வேண்டாம். கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

கடையில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால் வீட்டு மருந்து கிடையாது, நேரே மருத்துவமனைதான். உடல் சில்லிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து. பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிவது, வலிப்பு, உதடு நீலமாவது, பச்சையாக வாந்தி எடுப்பது ஆகியவையும் அப்படியே. மஞ்சள் காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு வந்து பிறகு தணிகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் தாமதிக்கக் கூடாது. காலை வெயிலில் காட்டுவது அதற்குச் சிகிச்சை ஆகாது.

பெற்றவளை மறந்துவிடுவது

குழந்தை வந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. பத்தியம் என்ற பெயரில் பல வீடுகளில் தாய்க்குத் தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கிறார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும், வயிறு நிறையச் சாப்பாடும் காய்கறியும் பழமும் வேண்டும். பூண்டும் கருவாடும் இருக்கட்டும், அவை மட்டும் போதாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், மார்பு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், தலைவலியோடு கண் இருண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு பிரசவம் முடிந்து சில வாரங்கள் வரை வரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு நேர்வது. அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையின் மேல் ஒட்டுதல் வரவில்லை என்றோ செத்துவிடலாம் போலிருக்கிறது என்றோ சொன்னால் அதைத் திமிர், சோம்பல் என்று பேச விடாதீர்கள். அது நோய், குணமாகும். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். தகப்பன்மாருக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு.

விடுப்பு எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் துறைக்கு இதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை, நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. எது கிடைத்தாலும் முழுவதையும் பிரசவ வாரத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய்வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் அவளுக்கு உதவிக்கு ஆளில்லாமல் போகிறது. சமையல், துணி, இரவு விழிப்பு, ஊசி போட அழைத்துப் போவது எல்லாம் ஒருத்தி தலையில். விடுப்பில் பாதியை அந்த வாரத்துக்கு மிச்சம் வையுங்கள். அவள் வருவதற்கு முன்பே சமைக்கவும், இரவில் குழந்தைக்குத் துணி மாற்றி ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கவும் பழகியிருங்கள். படுக்க வைக்கும்போது மல்லாந்தே, தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல். அழுகை நிற்காமல் பொறுமை எல்லை மீறினால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். எந்த நிலையிலும் பிடித்து உலுக்கக் கூடாது, உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். அடுத்த குழந்தைக்கான இடைவெளியைப் பற்றியும் மருத்துவரிடம் அப்போதே பேசிவிடுங்கள். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே மீண்டும் கருத்தரிக்க முடியும்.