காற்று மாறும் நாளில் கரையோரம் பாய்மரப் படகு ஓட்ட

வானிலை அறிவிப்பை முந்தின இரவும் காலையிலும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், போக நினைத்த தூரத்தை நான் பாதியாகக் குறைத்துவிடுவேன். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டுங்கள். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோ, அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் இருக்கட்டும்.

கடற்பறவைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது. டால்ஃபின்களும் அங்கே வரலாம். வந்தால் சுக்கானைத் திருப்பக் கை துடிக்கும். திருப்பாதீர்கள், அதே திசை, அதே வேகம். ஒருமுறை நான் அப்படியே போனபோது ஐந்து டால்ஃபின்கள் முன்முனையை ஒட்டியே வெகுநேரம் நீந்தின. அவை மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது! கடலாமை தலையைத் தூக்குவது மூச்சுக்காக. அதற்கு வழிவிட்டு விலகிப் போங்கள்.

அப்புறம், கண் அடிக்கடி காற்று வரும் பக்கம் போகட்டும். நீர்ப்பரப்பில் கருத்த திட்டு ஒன்று நகர்ந்து வந்தால் அது பலத்த காற்று. கடலெங்கும் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் காற்று 11 நாட் (knot) வேகத்தைத் தாண்டியிருக்கும், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சின்னப் படகென்றால் நான் அப்போதே பாயைச் சுருக்கிவிடுவேன். முன்முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பாயைக் கொஞ்சம் இறக்கி, கீழ்மடிப்பை இறுக்கிக் கட்டி, மறுபடி ஏற்றுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முதல் இடி கேட்டதுமே துறைக்குத் திரும்புங்கள்.