வளவில் ஆவாரை வளர்ப்போர் செய்யும் தவறுகள்

தண்ணீர் குறைவாகக் கேட்கும் பூஞ்செடி வேண்டும் என்போர் செய்யும் முதல் தவறு, மலைநாட்டில் கண்ட செடியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதுதான். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலுள்ள குளிருக்கும் புளிப்பு மண்ணுக்கும் பழகியது (அங்கே செடி பிடுங்குவது சட்டப்படி குற்றமும்கூட). சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் நமது மண்ணும், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் நமது கிணற்று நீரும் அதற்கு ஒருபோதும் ஒத்துவரா. நமக்கு ஏற்றது, மன்னார், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட கரைப்பகுதிகளில் தானாகவே வளரும் ஆவாரை.

அதையும் சரியாக இனங்காண வேண்டும். மஞ்சட் பூவைக் கண்டு பொன்னாவாரையின் விதையைச் சேர்த்து வருவோர் உண்டு. அதன் இலையைக் கசக்கினால் கெட்ட நாற்றம் வரும். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சிறிய காதுமடல் போன்ற அகன்ற இலைச்செதில் இருக்கும். அதைப் பார்த்த பின்னரே விதை எடுங்கள்.

விதையை நெற்றிலிருந்து எடுத்தபடியே ஊன்றிவிட்டு, முளைக்கவில்லை என்று கைவிடுவது அடுத்த தவறு. தோல் கடினமானது என்பதால், விதையின் ஓரத்தைச் செங்கல்லில் மெல்ல உரசியோ, கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டோ, உப்பியவற்றை மட்டும் ஊன்ற வேண்டும். ஆணிவேர் விரைவாக ஆழம் தேடிப் போகும் செடி இது. பையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் வேர் அடியில் சுருண்டுவிடும், பிறகு நிலத்தில் வைத்தாலும் தேறாது. புரட்டாசியில், மாரிமழைக்கு முன்னரே, நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதைகளை ஊன்றுவது நல்லது.

ஆயினும் நான் கண்டவரையில் அதிகமான ஆவாரைகளை அழிப்பது வீட்டாரின் அளவுமீறிய அக்கறையே. வாழைக்குக் கட்டுவதுபோலப் பாத்தி கட்டி, நாள்தோறும் தண்ணீர் இறைத்து, அடியில் மாட்டெருவைக் குவித்தால், செடி இலையும் தண்டுமாகக் கொழுத்துப் பூவைக் குறைத்துக்கொள்ளும். கார்த்திகை மழையில் அந்தப் பாத்தியிலேயே வெள்ளம் நிற்க, வேர் அழுகும். எனது முற்றத்தில் கிணற்றடி வாய்க்கால் ஓரமாக வைத்த செடி அப்படித்தான் பட்டது. வேலியோரம் கல்லும் மண்ணுமான மேட்டில், யாரும் கவனியாமல் நின்றது இன்றும் பூக்கிறது. முதல் கோடையில் மட்டும் கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டாற் போதும். நாள் முழுதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். மாமர நிழல் ஆகாது.

புதுக்கிளைகளின் நுனிப்பக்கத்திலேயே பூ வருவதால், பூத்துக்கொண்டிருக்கும்போது கத்தரிக்கக் கூடாது.

இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கண்டதும் நஞ்சு தெளிப்பது இன்னொரு தவறு. அவற்றுட் பல, வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். தின்ற கிளை சில கிழமைகளில் மீண்டும் துளிர்க்கும். அதிலும், பூவை நிழலில் உலர்த்தித் தேநீராகக் குடிக்கும் வீட்டில் அந்தச் செடிக்கு எந்த மருந்தும் அடிக்கக் கூடாது.