'எக்ஸ்ரேண்டர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் செய்யக்கூடாதவை

இரண்டாவது மானிட்டரை மாட்டியாயிற்று, படம் வரவில்லை. லினக்ஸில் திரைகளை அமைக்க எக்ஸ்ரேண்டர் என்றொரு கட்டளை உண்டு என்று படித்த நினைவில் டெர்மினலைத் திறந்து அடித்தால், "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்கிறது. உடனே பலர் கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள், கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் செய்தியைச் சொல்வது ஷெல், அதாவது டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் நிரல். நீங்கள் அடித்த பெயரில் ஒரு நிரல், பாத் பட்டியலிலுள்ள (ஷெல் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) எந்த ஃபோல்டரிலும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். மானிட்டரைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டிரைவரில் கை வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திரையும் போய்விடலாம்.

மானிட்டர் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) தெரிகிறதா என்று பார்க்க எக்ஸ்ரேண்டரே தேவையில்லை. எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான ரூட்டில் உள்ள 'சிஸ்' ஃபோல்டர், அதற்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்' என்று போங்கள். கார்டு0-ஹெச்டிஎம்ஐ-ஏ-1 போல ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். கார்டு எண் மாறலாம். அதிலுள்ள 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'கனெக்டட்' என்று இருந்தால் கெர்னல் மானிட்டரைப் பார்த்துவிட்டது.

சரி, கட்டளைக்கு வருவோம். எழுத்துப் பிழை நிறைய நடக்கிறது. உச்சரிப்பை நம்பி கடைசி 'ஆர்' எழுத்துக்கு முன்னால் ஒரு 'இ' சேர்த்துவிடுகிறோம். அந்தப் பெயர் 'எக்ஸ்', 'ரீசைஸ் அண்ட் ரொட்டேட்' என்பதன் சுருக்கம்: ஆர், அண்ட், ஆர். இதை நினைவில் வைத்தால் 'இ' நுழையாது. எல்லாமே சின்ன எழுத்து. வழிகாட்டிகளில் கட்டளைக்கு முன்னால் இருக்கும் டாலர் குறியையும் சேர்த்து ஒட்டிவிட்டால், அந்த டாலர் குறியையே கட்டளையாக எடுத்துக்கொண்டு ஷெல் இதே பிழையைத் தரும்.

பெயர் சரியாக இருந்தும் இல்லை என்றால், அதே பெயரில் பேக்கேஜைத் தேடுவது அடுத்த தவறு. டெபியனிலும் உபுண்டுவிலும் அது எக்ஸ்11-எக்ஸ்சர்வர்-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜுக்குள் இருக்கிறது. ஆர்ச்சில் எக்ஸ்ஆர்க்-எக்ஸ்ரேண்டர். இப்போதைய ஃபெடோராவில் எக்ஸ்ரேண்டர் என்றே தனியாகக் கிடைக்கிறது.

எனக்கு ஒருமுறை பேக்கேஜ் இருந்தும் இதே பிழை வந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' அடித்துப் பார்த்தேன், அதுவும் இல்லை என்றது. ஷெல்லின் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், பாத் பட்டியலுக்குப் புது ஃபோல்டரைச் சேர்க்கும்போது பழைய பாத் மதிப்பை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். சாதாரணக் கட்டளைகளும் சேர்ந்து காணாமல் போனால் நேராக அந்த வரிக்குப் போங்கள். எதையும் நிறுவ வேண்டாம்.

ஆனால் நிறுவுவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். திரையில் படம் காட்ட லினக்ஸில் இரண்டு முறைகள் உண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். நீங்கள் இருப்பது எக்ஸ்11 செஷனா, வேலண்ட் செஷனா? 'எக்கோ' கட்டளையில் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் மாறியைக் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும். வேலண்ட் என்றால், எக்ஸ்ரேண்டரை நிறுவியும் பயனில்லை. எக்ஸ்ரேண்டர் எக்ஸ்11-க்கான கருவி. வேலண்டில் அது, எக்ஸ்11 நிரல்களுக்காக இருக்கும் எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பட்ட சர்வரிடம் பேசுகிறது. பட்டியல் காட்டும், உண்மையான திரை அமைப்பை மாற்றாது. இது வெறும் பிழைச்செய்தியைவிட மோசம், ஏனென்றால் கட்டளை ஓடியது போலத் தெரிவதால் மணிக்கணக்கில் தேட வைக்கும். வேலண்டில் அந்த வேலை டெஸ்க்டாப்பின் கையில் இருக்கிறது. கேடிஇ பிளாஸ்மாவில் கேஸ்கிரீன்-டாக்டர், ஸ்வே போன்றவற்றில் டபிள்யூஎல்ஆர்-ரேண்டர். க்னோமில் செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளே பக்கமே போதும்.

"கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே" என்று வந்தால் அது வேறு பிழை. கட்டளை கிடைத்துவிட்டது, பேசுவதற்கு எக்ஸ் சர்வர்தான் (எக்ஸ்11-இல் திரையைக் கையாளும் நிரல்) கிடைக்கவில்லை. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகவோ, வரைகலை இல்லாத கன்சோலிலிருந்தோ ஓட்டும்போது இது வரும். இதற்கு, ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓட்டும் சூடோவை முன்னால் போடுவது தீர்வல்ல. எக்ஸ்ரேண்டருக்கு ரூட் உரிமை தேவையே இல்லை.

எக்ஸ்11-இல் கட்டளை ஓட ஆரம்பித்த பிறகு, முதலில் வெறுமனே எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடியுங்கள். போர்ட்டின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்தே எடுங்கள். டிரைவரைப் பொறுத்து ஒரு கணினியில் ஹெச்டிஎம்ஐ-1 என்று இருப்பது இன்னொன்றில் ஹெச்டிஎம்ஐ-ஏ-0 என்று இருக்கும். அப்புறம் அதே கட்டளையில் 'அவுட்புட்' என்பதற்கு அந்தப் பெயர், கூடவே 'ஆட்டோ', 'ரைட்-ஆஃப்' என்பதற்கு லேப்டாப் திரையின் பெயர். அவ்வளவு கொடுத்தால், புது மானிட்டர் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துவிடும்.