தேக்கு ஊஞ்சல் பலகையில் விழுந்த கறுப்புக் கறை

மயிலாப்பூர் வீட்டில் பாட்டி காலத்துத் தேக்கு ஊஞ்சல். ஐப்பசி மழையில் ஈர இரும்பு வாளியை அதன்மேல் வைத்துவிட்டோம். மறுநாள் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். மனசே ஆறவில்லை.

முதலில் வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, பாத்ரூம் பிளீச்சைத் தடவினேன். சுற்றியிருந்த மரம் வெளுத்து நார் எழும்பியதுதான் மிச்சம், கறை அப்படியே இருந்தது. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கறை அது, பிளீச்சுக்கு மசியாது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம்தான் வேண்டும். கெமிக்கல் கடையில் தூளாகவே கிடைத்தது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச் ஈரத்தின் மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். நான் பலமுறை கழுவி, இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்த பிறகே தொட்டேன். கையுறை, முகக்கவசம் போட்டு, அரை லிட்டர் வெந்நீரில் 30 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் பிரஷால் பலகை முழுக்கப் பூசினேன். அரை மணியில் வட்டம் மங்கியது. இரண்டாம் பூச்சில் போயே போய்விட்டது!

சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். நேற்று அம்மா அதில்தான் உட்கார்ந்து பூ தொடுத்தார்.